ரத்தம் சரியில்லை

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த மனைவியின் கழுத்திலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. புருஷன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அது தோள்வரை இறங்கும் அழகைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

அவள் கைக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரொம்பச் சிவப்பா இருக்குங்க. கொஞ்சம் கறுப்பு சேருங்க. நாங்க ஊசியில எடுக்கறப்ப கருஞ்சிவப்பாத்தான் வரும்."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். காலையிலிருந்து மாலைவரை குழாய் குழாயாக அதைத்தான் பார்க்கிறாள். அவர் மேக்கப்காரர். டிவியில் புதிதாக ஆரம்பித்திருக்கும் ரத்தக்காட்டேரித் தொடரில், காட்டேரிக்குப் பல் மாட்டுவதும் கடிபட்டவர்களுக்கு ரத்தம் பூசுவதும் அவர் பொறுப்பு.

தொடர் என்னவோ நன்றாகத்தான் ஓடியது. ரத்தம்தான் எடுபடவில்லை. வாராவாரம் ஒளிபரப்பான மறுநாள் காலையில் சேனல்காரப் பெண் நேயர்களின் கருத்துகளை அச்செடுத்துக்கொண்டு வந்து, யூனிட் முன்னால் கூச்சநாச்சமில்லாமல் வாசிப்பாள். காட்டேரி குடிப்பது ரோஜா சர்பத்தா, எந்தக் கடையில் கிடைக்கும் என்று முதல் வாரம் ஒருவர் விசாரித்திருந்தார். இரண்டாம் வாரம் ஒரு அம்மாள், இது எங்கள் வீட்டு இரும்புக் கதவுக்கு அடித்த பெயின்ட், மிச்சம் இருந்தால் கொடுத்தனுப்பவும் என்று எழுதியிருந்தார். காட்டேரியின் பல் வேர்க்கடலை மாதிரி மழுங்கியிருக்கிறது, அதை வைத்துக்கொண்டு வாழைப்பழத்தைக்கூடக் கடிக்க முடியாது என்று இன்னொருவர்.

யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை.

"ரத்தத்தைப் பத்தி இன்னொரு புகார் வந்துச்சுன்னா, நான் வேற ஆள் பாத்துக்கறேன்," என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். ஐம்பத்தாறு வயதில் இனி நம்மை எவன் கூப்பிடப் போகிறான் என்று மேக்கப்காரர் பயந்துபோனார்.

அதனால்தான் வீட்டில் இந்தப் பாடு. மனைவி அலுத்துக்கொள்ளாமல் கழுத்தைக் காட்டினாள். ஒன்பதாவது கலவைக்குத்தான் தலையை ஆட்டினாள். வந்தது வரட்டும் என்று அவர் காட்டேரியின் பல்லையும் அரத்தால் ராவிக் கூராக்கினார்.

படப்பிடிப்பு அருமையாக முடிந்தது. காட்டேரி நாயகியின் கழுத்தில் முகம் புதைத்துக் கடித்து, நிமிர்ந்து, உதட்டோரம் ரத்தம் வழியக் கேமராவை முறைத்தது. ஒரே டேக்கில் ஓகே.

காட்டேரியாக நடித்தவர் சாதாரணமாகவே ஓட்டைவாய். பல்லைக் கழற்றிய கையோடு ஊர்வம்பை ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும்வரை நிறுத்தமாட்டார். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டைத் தொடாமல் ஜூஸை மட்டும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிவிட்டுக் கிளம்பிவிட்டார். மனுஷர் பாத்திரமாகவே மாறிவிட்டார், இனி அவரைக் கையில் பிடிக்க முடியாது என்று எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள்.

ஒளிபரப்பான மறுநாள் சேனல்காரப் பெண் காகிதக் கட்டோடு வந்தாள். கழுத்தில் வழிந்த ரத்தத்தைப் பார்த்து என் கணவர் சோபாவிலேயே மயங்கிவிட்டார், நன்றி என்று முதல் கருத்து. மேக்கப்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவிக்கு உடனே போன் செய்யலாமா என்றுகூட யோசித்தார்.

இரண்டாவது காகிதத்தில் ஒரு 'ஆனால்' இருந்தது. கழுத்தில் இருப்பது அசல் ரத்தம், ஆனால் காட்டேரியின் உதட்டில் வழிவது சுத்தப் போலி என்று ஒருவர் எழுதியிருந்தார். லிப்ஸ்டிக் கரைந்து ஒழுகுகிறதா என்று அடுத்தவர். நாங்கள் என்ன காதில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமா என்று இன்னொருவர். அவள் வாசித்துக்கொண்டே போனாள். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் அந்த உதட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநர் அந்தக் காட்சியைத் திரையில் ஓடவிட்டு நிறுத்தினார். கழுத்தில் கருஞ்சிவப்பு. உதட்டோரத்தில் பளீரென்று, மிட்டாய்ச் சிவப்பு.

"பழைய சரக்கு மிச்சம் இருந்துச்சுன்னு தடவிட்டீங்களா?" என்றார்.

"ஒரே பாட்டில்தான் சார். உதட்டுலயும் அதைத்தான் தொட்டு வச்சேன்." மேக்கப்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மூக்கு திரையில் இடிக்கும்வரை கிட்டே போய்ப் பார்த்தார். அது அவர் கலந்த நிறமே இல்லை.

"ஊரே பாத்திருக்கு. நீங்க கிளம்பலாம்."

மேக்கப்காரர் பிரஷ்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தன் கையால் பூசியது எப்படி இப்படி மாறிப்போனது என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒன்பது தடவை கழுத்தைக் காட்டியவளிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

அதுவரை மூலையில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்டேரி எழுந்து வந்தார். மேக்கப்காரரின் பெட்டியை மூடவிடாமல் அதன்மேல் ஒரு கையை வைத்தார். உதட்டை அதிகம் அசைக்காமல், இவர் மனசு கஷ்டப்படுமே என்றுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்றார். பிறகு திரையைக் காட்டினார்.

"சார், அது என் ரத்தம்."