நீங்க வெளியே இருங்க!

"நீங்க உள்ளே வர வேண்டாம். வெளியே இருங்கம்மா."

வக்கீல் இப்படிச் சொன்னதும் அவளுக்கு ஏறியதே பாருங்கள் கோபம்! விசாரணை அறை வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏன் சார், கட்டின பொண்டாட்டி நான். அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, மாத்திரை குடுத்துக் கூட்டிட்டு வந்தவ. நான் வரக் கூடாதா?"

அவள் ஸ்கூல் பஸ் டிரைவர். பஸ் நிறையப் பிள்ளைகளை அடக்குகிற குரல். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

கோபத்திலும் நியாயம் இருந்தது. பெயின்டரான கணவன் சாரத்திலிருந்து விழுந்து, முதுகெலும்பு போய் இரண்டு வருடம். ஊனத்துக்கான உதவித்தொகை கேட்டுப் போட்ட மனு முதல் விசாரணையிலேயே தள்ளுபடி. இன்று மேல்முறையீடு. இதுவும் போனால் அவ்வளவுதான்.

"போன தடவை என்ன கிழிச்சீங்க? அதிகாரி 'வலி எப்படி இருக்கு'ன்னு கேட்டார். இவரு வெள்ளந்தியா, 'பரவாயில்லை சார், சமாளிச்சுக்கறேன்'னுட்டார். நீங்க எடுத்துச் சொல்ல வேண்டாமா? பேந்தப் பேந்த முழிச்சுட்டு உட்கார்ந்திருந்தீங்க!"

வக்கீல் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு மட்டும் நான் சொல்றதைக் கேளுங்கம்மா."

"கேட்கறேன். தோத்துட்டு வாங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

கணவன் குனிந்த தலை நிமிராமல், வாக்கரைத் தள்ளிக்கொண்டு வக்கீலோடு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், கதவில் காதை வைத்தாள். ஒரு மண்ணும் கேட்கவில்லை. வாசலில் நின்ற பியூனிடமே கேட்டுவிட்டாள்.

"அண்ணே, வேற நல்ல வக்கீல் யாராவது இருக்காங்களா?"

"முதல்ல உள்ளே போனவர் வெளியே வரட்டும்மா."

கதவு திறந்தது. வக்கீலுக்கு வாயெல்லாம் பல்.

"கிடைச்சிடுச்சும்மா! இப்பவே சொல்லிட்டாங்க. முழுத் தொகை!"

"ஐயோ, நிஜமாவா சார்?"

அவள் துள்ளிய துள்ளலில் பியூன் பின்வாங்கினார். கொஞ்சம் முன்னால் திட்டித் தீர்த்த அதே வக்கீலின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள்.

"நீங்க நல்லா இருப்பீங்க சார்! உள்ளே வெளுத்துக் கட்டிட்டீங்க போல!"

"நான் எங்கம்மா பேசினேன்? இன்னிக்கு அவர்தான் மனசு விட்டுப் பேசினார்."

"இவரா?" சந்தோஷத்தில் கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, இதை அன்னிக்கே பேசித் தொலைச்சிருந்தா என்ன?"

அவன் கண்கள் சிவந்திருந்தன.

"அன்னிக்கு நீ பக்கத்துல இருந்தியே. ராத்திரி நான் தூங்கறதே இல்லை, வலியைப் பொறுத்துக்கிட்டுச் சும்மா கண்ணை மூடிப் படுத்திருக்கேன்னு தெரிஞ்சா நீயும் தூங்க மாட்டே. விடிஞ்சா அத்தனை பிள்ளைங்களோட பஸ்ஸை எடுக்கணுமே நீ!"