ஒரு மடக்கு

குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தேன். நடுத்தட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் நின்றது.

அதன் அடியில் ஒரே ஒரு மடக்குத் தண்ணீர்.

கதவைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

போர்முனையிலிருந்து செய்தி எழுதிவிட்டு நான் வீடு திரும்பி அன்றோடு பத்தொன்பது நாள். அத்தனை நாளும் எங்கள் வீட்டு பாட்டில்கள் கழுத்துவரை நிறைந்து, வரிசை குலையாமல் நின்றிருந்தன.

நிறைகுடம் கண்டால் மகிழத்தானே வேண்டும்? நான் இருந்த நகரத்தில், ஒரு வாளித் தண்ணீருக்கு நின்றவர்கள் குண்டு விழுந்தால் மண்ணில் படுத்தார்கள்; புகை அடங்கியதும் எழுந்து அதே வரிசையில் அதே இடத்தில் நின்றார்கள். அதைக் கண்டு எழுதியவள் நான்.

ஆயினும், நிறைந்த பாட்டில்களைக் கண்டு அஞ்சினேன்.

என் கணவர் வக்கீல். பதினான்கு ஆண்டு இல்வாழ்வில் ஒரு பாட்டிலையும் நிரப்பி வைத்தவரல்லர். குடித்து முடிப்பவரே நிரப்ப வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆகவே அவர் முடிக்கவே மாட்டார். கடைசி மடக்கை விட்டுவைத்துச் சட்டத்தின் கைக்கு எட்டாமல் நின்றுகொள்வார்.

அப்படிப்பட்டவர் இப்போது சொல்லாமலே நிரப்பினார். கதவுகளை ஓசையின்றிச் சாத்தினார். காலுறை காணவில்லை என்றால் வீட்டை இரண்டாக்கும் மகள் பூனைபோல் நடந்தாள். நான் எது சொன்னாலும், "சரிம்மா."

இறந்துபோன ஒருத்தியின் படத்துக்கு முன் நடமாடுவதுபோல் இருவரும் நடமாடினார்கள்.

உடல் வந்துவிட்டது. நான் வந்தேனா?

மீண்டும் போர்முனைக்குப் போகிறாயா என்று செய்தி ஆசிரியர் முந்தைய நாள் கேட்டிருந்தார். காலையில் சொல்கிறேன் என்றிருந்தேன். போகிறேன் என்று சொல்லத்தான் எண்ணியிருந்தேன். அங்கே எவரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரமாகக் கையாளவில்லை.

இப்போது, இந்த ஒரு மடக்கு.

நீதிமன்றத்துக்குப் புறப்படும் அவசரத்தில் அவர் மறந்திருக்கிறார். நிரப்ப மறந்தார். என்னைக் காக்க மறந்தார். இறைவா, என்னையே மறந்துவிட்டார்!

"ஏங்க! பாட்டிலை நிரப்பி வெச்சா கை தேஞ்சா போயிடும்?"

கையில் கழுத்துப்பட்டையோடு கணவர் சமையலறை வாசலில் தோன்றினார். முகம் வெளுத்திருந்தது. மன்னிப்பு அவர் உதட்டு விளிம்புவரை வந்துவிட்டதைக் கண்டேன். அது வெளிவந்தால் நான் தோற்றேன்.

"மன்னிச்சுக்கோன்னு சொன்னீங்க, இதைத் தலையிலேயே ஊத்திடுவேன். ஒழுங்கா பதில் சொல்லுங்க!"

அவர் என் முகத்தை உற்று நோக்கினார். பிறகு, வழக்காட எழுபவர்போல் மெல்ல நிமிர்ந்தார்.

"காலி பாட்டிலா அது? நல்லா கண்ணைத் தொறந்து பாரு. ஒரு மடக்கு இருக்குல்ல? அப்ப நான் எப்படி முடிச்சவன் ஆவேன்?"

"எறும்பு குளிக்கக் கூடப் பத்தாது, இதுக்குப் பேரு தண்ணியா?"

"ஆரம்பிச்சாச்சுடா சாமி!" என்று உள்ளிருந்து மகள் அலறினாள். "என் சாக்ஸ் ஒண்ணைக் காணோம். அதை யாராவது கேக்கறீங்களா?"

பெருகிற்று என் உள்ளம். அப்போது தொலைபேசி ஒலித்தது. செய்தி ஆசிரியர்.

"நான் போகலை சார். வீட்டுல சண்டை நடக்குது, அப்புறம் பேசறேன்."

மறுமுனையில் அவர் குரல் உடைந்திருந்தது.

"எதுக்கும்மா சண்டை? அந்த ஒரு மடக்குக்கா?"

எங்கள் வீட்டுச் சண்டையை அவர் எப்படி அறிவார்?

போருக்குப் போகும் செய்தியாளர், வீட்டார் மட்டுமே விடையறிந்த ஒரு கேள்வியை எழுதி, உறையிலிட்டு, அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுப் போவது எங்கள் தொழிலின் வழக்கம். ஆள் காணாமற்போனால் மட்டுமே உறை பிரிக்கப்படும். பிடித்து வைத்திருப்போர் விடையைப் பெற்றுத் தந்தால், ஆள் உயிரோடு இருக்கிறார் என்று பொருள்.

என் உறையைப் பிரித்தார்கள்.

நான் பிடிபட்ட முப்பத்தோராம் நாள், சன்னலில்லாத ஓர் அறையில், முகம் மூடிய ஒருவன் தாளைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தான்: "உங்கள் வீட்டில் தினமும் எதற்குச் சண்டை?"

நான் அழுதுகொண்டே சிரித்தேன். பிறகு விடை சொன்னேன்.

அந்த விடை வந்து சேர்ந்த நாள்முதல் ஒரு மடக்கை மிச்சம் வைக்க என் கணவருக்குக் கை வரவில்லை. இன்று காலைவரை.

தொலைபேசியை வைத்தேன். வாதத்தில் வென்ற களிப்பில் அவர் கழுத்துப்பட்டையைக் கோணலாகக் கட்டிக்கொண்டிருந்தார். பாட்டிலை எடுத்து, அந்த ஒரு மடக்கையும் நானே குடித்தேன். உலகில் அதனினும் இனிய நீர் உண்டோ, அறியேன்.

குடித்து முடித்தவரே நிரப்ப வேண்டும்.

குழாயைத் திறந்தேன்.

தண்ணீர் வந்தது.