உள்ளேயிருந்து வரும் தட்டு

சதாசிவம் அப்துல் ரசாக்கைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று நல்ல வார்த்தை ஒன்றும் பேசவில்லை.

ஈப்போவில் ரசாக்குக்கு நாசி கண்டார் என்னும் குழம்புச்சோற்றுக் கடை. மனைவி மங்களம் போய்ச் சேர்ந்த பிறகு, ஆறு வருஷமாகச் சதாசிவத்துக்கு மதியச் சோறு அங்கேதான். கோழி, மீன், மாடு, கணவாய் என்று முன்னால் வரிசையாக ஏனங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி அள்ளிக் கலந்து, சோறு மிதக்க ஊற்றுவதுதான் கடைக்குப் பேர். சீனரோ மலாய்க்காரரோ, கேட்டவருக்குக் கண்முன்னே ஊற்றுவார்கள்.

சதாசிவம் கேட்டால் மட்டும் ரசாக் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவார்.

சுங்காய் தோட்டத்தில் சதாசிவத்தின் அப்பாவுக்குக் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பின்வாசலில்தான் தேத்தண்ணி கிடைக்கும். அது மறக்கவில்லை. அந்தக் கடைசி நாளில் அவருக்கு முழங்கால் வலி வேறு.

“எனக்கு மட்டும் என்ன உள்ளேருந்து? நேத்து மிச்சமா?”

சாப்பிட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரசாக் தட்டை மேசையில் வைத்தார்.

“சாப்பிடுங்கண்ணே, ஆறிப்போவுது.”

சதாசிவம் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமையே ரசாக் மார்வலியில் இறந்துபோனார். சாவு வீட்டுக்குப் போகச் சதாசிவத்துக்குக் கால் வரவில்லை.

வேறு கடைகளில் சாப்பிட்டுப் பார்த்தார். எதுவும் இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தபோது, ரசாக்கின் மகள் ஹஃபீஸா கரண்டி பிடித்திருந்தாள். அன்றைக்குத் தான் பேசியது தப்பு என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அத்தா வீட்டில் ஒன்றுமே சொல்லவில்லையே என்றாள் அவள்.

“சரிம்மா. இனிமே எனக்கும் இங்கேயே கலந்து ஊத்து.”

“வேணாம் மாமா. இந்தக் கரண்டி மாட்டுக் குழம்புலயும் போவுது லா.”

ஆறு வருஷத்தில் முதல் தடவையாகச் சதாசிவம் அந்தக் கரண்டியைப் பார்த்தார்.

“மாடு சாப்பிடாதவங்க கலக்க வேணாம்னு சொல்லிருவாங்க. நீங்க கலந்துதான் கேப்பீங்க. நெத்தியில திருநீறும் இருக்கும். அதான் காலையிலயே, இந்தக் கரண்டி படறதுக்கு முன்னாடி, மாட்டுக் குழம்பு சேக்காம அத்தா உங்களுக்குத் தனியா கலந்து வச்சிருவாரு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா அப்புறம் அண்ணன் கரண்டியவே பாத்துக்கிட்டு இருப்பாரு, சோறு இறங்காதுன்னு அத்தா சொல்லுவாரு.”

தட்டை எடுத்துக்கொண்டு ஹஃபீஸா அடுப்படிக்குள் போனாள். சதாசிவம் கூப்பிடாமலே பின்னால் போனார்.

நீங்கள் வராத நாளிலும் கலந்துதான் வைத்தோம் என்றபடி, அடுப்போரத்தில் இருந்த சின்னச் சட்டியின் மூடியை எடுத்தாள்.

ஓர் ஆளுக்கு உண்டான குழம்பு இருந்தது.