ஐந்தாவது அருங்காட்சியகம்

“கிளிஃப், சீக்கிரம் வா! அடுத்த அறைதான் பிரமாதமாம்!”

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு கிராமத்துக் காட்டேஜில் விடுமுறைக்கு வந்து தங்கிய நான்கு நாட்களில் இது ஐந்தாவது அருங்காட்சியகம். மனைவி மார்ஜரிக்குத் திடீரென்று வரலாற்றுப் பைத்தியம் பிடித்திருந்தது. கிளிஃபர்டுக்கு அதில் நிம்மதிதான். புதுச் சமையலறை வேண்டும் என்று பத்து வருடமாக அவள் செய்துவந்த நச்சரிப்பு இந்த நான்கு நாட்களாக நின்றிருந்தது. வீட்டிலிருப்பது கல்யாணமான புதிதில் அவரே பொருத்தியது. “நல்லா இருக்கிறத எதுக்கு மாத்தணும்?” என்பார்.

அடுத்த அறையில், கயிற்றுத் தடுப்பின் முன் அவர் அசையாமல் நின்றுவிட்டார். ‘1974ஆம் ஆண்டுச் சமையலறை’ என்றது பலகை. ஆரஞ்சு அலமாரிகள், பழுப்பு ஓடுகள், அதே அடுப்பு.

“மார்ஜ், நம்ம வீடு!” என்று கத்தினார். “ஆனா பாரு, இவங்க அலமாரிக்குப் பாதிக் கைப்பிடி இல்ல. நம்மகிட்ட ஒண்ணுகூடக் குறையாது!”

அங்கே உட்கார்ந்திருந்த ஊழியப் பெண் எழுந்து வந்தாள். “அப்படி முழுசா ஒரு சமையலறையைத்தான் தேடிட்டிருக்கோம் சார். குடுத்தீங்கன்னா பலகையில உங்க பேர் போடுவோம்.”

“என் பேரா? மொத்தத்தையும் எடுத்துக்கோங்க! எப்ப வர்றீங்க?”

“வியாழக்கிழமை. வேனுக்குச் சொல்லியாச்சு. மேடம் மார்ச் மாசமே கடிதம் போட்டுட்டாங்களே!”

கிளிஃபர்ட் மெதுவாகத் திரும்பினார்.

“முதல் நாளே நேரா இங்க கூட்டிட்டு வந்திருந்தா, நீ சந்தேகப்பட்டிருக்க மாட்டே?” என்றாள் மார்ஜரி.