இடது பக்கப் பின்கதவு

"என் கையைத் தவிர வேற கை படாத வண்டிம்மா இது. எட்டு வருஷத்துல ஒரு கீறல் கிடையாது. விலை போடும்போது அதை மனசுல வெச்சுக்கிட்டுப் போடு."

காரைச் சோதிக்க வந்த பெண் தலையை மட்டும் ஆட்டினாள். பழைய கார்களை வாங்கி விற்கும் ஆன்லைன் கம்பெனி அனுப்பிய ஆள். கையில் டேப்லெட், தோளில் ஒரு பை.

எதிரே நின்றவர் இரும்புக் கடைக்காரர். ஆணியை எடை போட்டு விற்றே முன்னுக்கு வந்தவர். முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதுமில்லை, கொடுத்ததுமில்லை. நேற்று போனில் கம்பெனிக்காரர்கள் சொன்ன விலையைக் கேட்டு, "வண்டிக்குச் சொல்றீங்களா, நாலு டயருக்குச் சொல்றீங்களா?" என்று சீறியிருந்தார்.

மனைவி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கார் போனால்தான் அந்தக் கார் வரும். இதைக் கொடுத்து அதே கம்பெனியில் மாற்றி எடுக்கப்போகும் சின்னக் கார். படம் படமாகத் தள்ளிப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான்.

அவள் லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷமாகிறது. சாவியைக் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான். "கீறல் போடாத கைக்குத்தான் சாவி."

சின்னக் காரையாவது நான் ஓட்டலாமா என்று கேட்டதற்கு, "வரட்டும், பார்க்கலாம்" என்றிருந்தார். நன்கொடை கேட்டுக் கடைக்கு வருகிறவர்களிடமும் அவர் சொல்வது அதேதான்.

பெண் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு மீட்டரை எடுத்தாள். பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று அது சொல்லிவிடுமாம். பானெட்டில் வைத்தாள், நூற்றுப் பத்து. முன்கதவில் வைத்தாள், நூற்றுப் பன்னிரண்டு. பிள்ளையின் மார்க்கைக் கேட்கும் தகப்பன் மாதிரி கடைக்காரர் பூரிப்போடு கூடவே நடந்தார்.

இடது பக்கப் பின்கதவு. முந்நூற்று நாற்பது.

"இந்தக் கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்கு சார்."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. மீட்டர் கெட்டுப்போச்சு என்றார். அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, கேட்டில் வைத்துப் பார்த்தார். உள்ளே போய் பீரோவில் வைத்துப் பார்த்தார். அதுவும் போதாமல், பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் காரிலும் வைத்தார். அது முந்நூற்று எண்பது காட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

பெண் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"பெயிண்ட் அடிச்சதே இல்லைன்னு நீங்க டிக் பண்ணியிருக்கீங்க சார். நீங்க ஒருத்தர்தான் ஓட்டினதுன்னும் சொல்றீங்க. அப்ப தெரிஞ்சே மறைச்சதா ஆயிடும். அந்த மாதிரி வண்டியைக் கம்பெனி எடுக்காது."

எடுக்காவிட்டால் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசல்படியிலிருந்து குரல் வந்தது.

"நான்தாம்மா இடிச்சேன். இவர் வெளியூர் போயிருந்தப்ப எடுத்தேன், கேட்ல உரசிடுச்சு. இவருக்குத் தெரியாமயே சரி பண்ணி நிறுத்திட்டேன். இவர் பொய் சொல்லலை."

கடைக்காரர் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் திறந்த வாய் மூடவேயில்லை.

இதற்குத்தான் சாவியைக் கண்ணில் காட்டுவதில்லை என்றார். எட்டு வருஷம் கண்ணாடி மாதிரி வைத்திருந்த வண்டி என்றார். நடுவில் அந்தப் பெண் விலையில் கொஞ்சம் குறைப்பதைப் பார்த்துவிட்டு, "அவ பண்ணினதுக்கு என் தலையில ஏம்மா கை வைக்கிறே?" என்று அதற்கும் ஒரு பேரத்தைப் போட்டார். மறுபடி மனைவி பக்கம் திரும்பினார்.

"சின்னக் கார் வந்தாலும் உனக்குப் பின் சீட்டுதான். சொல்லிட்டேன்."

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பின்கதவைத் திறந்து, ஓரத்திலிருந்த கறுப்பு ரப்பரைப் பெண் மெதுவாக உருவினாள். அடியில், பழுத்துப்போன காகித டேப் ஒன்று ஒட்டியிருந்தது. எந்த வண்டி யாருடையது என்று பெயிண்ட் பட்டறையில் எழுதி ஒட்டுகிற துண்டு.

படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். கடைக்காரரைப் பார்த்தாள், அவர் மனைவியைப் பார்த்தாள். பிறகு டேப்பை உரித்து அவரிடம் நீட்டினாள்.

"குப்பை சார். நீங்களே போட்டுடுங்க."

அவர் வாங்கிப் பார்த்தார்.

'இரும்புக் கடைக்காரர் வண்டி. தூண்ல இடிச்சது. நாளைக்கே வேணுமாம். வீட்டுல தெரியக் கூடாதாம்.'

மெல்ல வாசல்படிப் பக்கம் திரும்பினார்.

"மூணு வருஷம் முன்னாடி வண்டி கழுவும்போது அந்த ரப்பர் கழண்டு வந்துச்சு" என்றாள் மனைவி. "படிச்சுட்டு நான்தான் மறுபடி அமுக்கி வெச்சேன்."

டேப்லெட்டில் இருந்த விலைக்கு ஒரு காசு கூட்டிக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார் கடைக்காரர். வாழ்க்கையில் முதல் தடவை.

பெண் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பியதும், டேப்பைச் சட்டைப் பைக்குள் திணித்தபடி தொண்டையைச் செருமினார்.

"நாளைக்குச் சின்னக் காரை எடுக்க ரெண்டு பேரும் போவோம். திரும்பி வரும்போது நீயே ஓட்டு."

"கீறல் விழுந்துட்டா?"

"நல்ல பெயிண்டர் ஒருத்தர் இருக்கார்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "யார்கிட்டயும் சொல்ல மாட்டார். எழுதி மட்டும்தான் வைப்பார்."