பேக்கரி வீட்டுத் தீனி

"பேக்கரி நடத்தறவங்க வீட்டுல உம் புள்ளைக்கு ஒரு பிஸ்கட்டு கெடையாதாம்" என்று குழாயடியில் எல்லம்மாள் சொன்னபோது வள்ளி அதை நம்பவில்லை.

வள்ளிக்குக் கீழ்பென்னாத்தூர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. புருஷன் லாரியில் பம்பாய்ப் பக்கம் போனால் திரும்பி வர நாளாகும். அதனால் மூன்று வயது தருமனைப் பக்கத்து வீட்டு ரசியா பேகத்திடம் விட்டுவிட்டுத்தான் தினமும் பஸ் ஏறுவாள். ரசியாவின் கணவர் பக்ருதீனுக்குத் திருவண்ணாமலை தேரடிப் பக்கம் சின்னதாக ஒரு பேக்கரி.

தருமனுக்கு அப்போதுதான் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்கிற குழந்தைக் காசநோய் வந்து குணமாகியிருந்தது. இருமல் நின்றும் கை கால் குச்சியாகவே இருந்தன.

அன்று சாயங்காலம் மகனை மடியில் வைத்துக்கொண்டு என்ன சாப்பிட்டாய் என்று விசாரித்தாள். மல்லாட்டை உருண்டை என்றான். அந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். அதற்கு முந்தின நாள் அவித்த முட்டையும் கேழ்வரகு அடையுமாம். ரசியாவின் இரண்டு பெண்களும் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டாள்.

"பன்னு, பிஸ்கட்டு. நான் கேட்டா தரமாட்டாங்க" என்று உதட்டைப் பிதுக்கினான்.

வள்ளிக்குச் சுருக்கென்றது. தன் பெண்களுக்குப் பேக்கரிப் பலகாரம், அடுத்தவள் பிள்ளைக்கு வெறும் கடலையா? முகத்துக்கு நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தது. மறுநாள் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிவந்து, தம்பிக்குக் கொடுங்கள் என்று ரசியாவிடம் தந்துவிட்டு வேலைக்குப் போனாள். ரசியாவும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் திரும்பியபோது ரசியாவின் சின்னப் பெண் ஜாஹிரா வாசற்படியில் உட்கார்ந்து அதே பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். உள்ளே தருமனின் வாயோரத்தில் கடலைப் பொடி.

எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை கோபம்.

"உங்க கடைச் சரக்கை நான் கேக்கலக்கா. நான் வாங்கியாந்ததைக்கூட எம் புள்ள கண்ணுல காட்டலியே. நாளையிலிருந்து இவன் இங்க வர மாட்டான்."

ரசியாவின் முகம் சுண்டிப்போயிற்று. உள்ளே போய்த் தருமனின் செருப்பை எடுத்து வந்தாள்.

வள்ளி மகனைத் தூக்கினாள். கொஞ்ச நாளாகவே அவன் தூக்கச் சொல்வதில்லை, தானே வீட்டுக்கு ஓடிவந்துவிடுவான். இப்போது இடுப்பில் ஏற்றியபோது கனத்தான்.

ஜாஹிரா எழுந்து வந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி இனிமே வராதாம்மா? அப்ப நாளைக்கு முட்டையும் உருண்டையும் எங்களுக்குத் தருவியா?"

ரசியா அவசரமாக அவள் வாயைப் பொத்தினாள். வள்ளி நின்றுவிட்டாள்.

"ஏன், உங்களுக்குத் தர மாட்டாங்களா?"

"அது தம்பிக்கு மட்டுந்தான். எங்களுக்குக் கடையில விக்காம மிஞ்சினது."

ரசியா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அந்த வருஷம் மழை இல்லை. மல்லாட்டை கிடைப்பதே அரிது. வீட்டில் இருப்பது ஒரே கோழி, அது இடுகிற முட்டை ஒருவருக்குத்தான் காணும். பிஸ்கட் தின்றால் தருமனுக்கு வயிறு மந்தமாகிவிடுகிறது, அப்புறம் வேறெதையும் தொடுவதில்லை.

"நீ ஆசையா வாங்கியாந்ததை வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல வள்ளி."

"உங்க பொண்ணுங்களும் சின்னப் புள்ளைங்கதானேக்கா?"

"அதுங்க ஓடியாடிட்டு இருக்குதுங்க. எதைத் தின்னாலும் தேறிடும். இவன் சீக்குல கெடந்து எழுந்த புள்ள. நீ என்னை நம்பி விட்டுட்டுப் போற. இவன் உடம்பு தேறட்டும், அப்புறம் எல்லாருக்கும் ஒரே தட்டுதான்."

வள்ளியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மகனை மெல்ல இறக்கிவிட்டாள். ரசியாவின் கையிலிருந்த செருப்பை வாங்கி, பழையபடி மூலையில் கொண்டுபோய் வைத்தாள்.

பிறகு ஜாஹிராவைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டு சொன்னாள்:

"கீழ்பென்னாத்தூர்ல யார் வீட்டுல மல்லாட்டை இருக்குன்னு எனக்குத் தெரியும்க்கா. நாளைக்கு வாங்கியாறேன். மூணு புள்ளைங்களுக்கும் சேத்தே உருட்டுங்க."