கீதம் பாடினால் விளையாடலாம்

"துரோகி! நன்றி கெட்டவன்! உவன் இண்டைக்குப் பந்திலை கால் வைச்சால், நான் கோல் கம்பத்துக்குக் குறுக்காலை படுப்பன்!"

ரொறன்ரோ மில்லிக்கன் பூங்காவில் நின்று சண்முகலிங்கம் போட்ட சத்தத்தில், பக்கத்தில் கோழி வாட்டிக்கொண்டிருந்த சீனக் குடும்பம் அடுப்பைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனது.

துரோகி என்றது நிரூபனை. போன கோடையில் புளியந்துறைக் கல்லூரிப் பழைய மாணவர் அணிக்கு விளையாடிக் கோப்பை எடுத்துக் கொடுத்தவன். இந்தக் கோடையில் பரம எதிரியான தாழங்காட்டுக் கல்லூரியின் பச்சைச் சட்டையோடு வந்து இறங்குகிறான். அதுவும் தாழங்காட்டு மனேஜர் மரியரட்ணத்தின் வான் வண்டியில்.

சண்முகலிங்கம் புளியந்துறைச் சங்கத்தின் ரொறன்ரோத் தலைவர். எதையும் மறக்கிற மனிசன் இல்லை. ஊரில் ஒரு கலியாண வீட்டில் தனக்கு வடை வைக்க மறந்தவர், இப்போது வெக்ஸ்போர்ட் மாடிக் குடியிருப்பில் இவருக்கு அடுத்த கதவில் குடியிருக்கிறார். இன்றுவரை அவரோடு பேச்சில்லை.

"ஏன்டா அங்காலை பாய்ஞ்சனி?"

"போன முறை பைனல்ல கால் பிசகிக் கிடந்தன் அங்கிள். நீங்க எல்லாரும் கோப்பையைக் காரில ஏத்தி, கோர்ன் அடிச்சு அடிச்சு மார்க்கம் சிற்றி வரைக்கும் போனீங்க. மறுகா என்னைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது மரியரட்ணம் அங்கிள்தான். வீட்டுக்கு ஆட்டுக்கால் சூப்பும் கொண்டு வந்தவர்."

"கோப்பை எடுத்தால் ஊர்வலம் போகத்தானே வேணும்! உன்னை வந்து பாக்கத்தான் இருந்தனாங்கள்."

"எப்ப அங்கிள்?"

"இந்தக் கோடையிலை."

'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்பான் நிரூபன். அசல் மட்டக்களப்புப் பேச்சு. "யாழ்ப்பாணத்துக் கொலிச்சிலை படிச்ச பெடியனுக்கு உந்தப் பேச்சு எப்பிடி வந்தது?" என்று போன வருசமே ஒருவர் கேட்டார். "தாய் அந்தப் பக்கம்" என்று சண்முகலிங்கம் அவருடைய வாயை அடைத்துவிட்டார்.

போட்டிக்குப் பொறுப்பான அலெக்ஸாண்டர் விசிலோடு ஓடி வந்தார்.

"என்ன லிங்கண்ணை, என்ன பிரச்சினை?"

"சட்டம் என்ன? படிச்ச கொலிச்சுக்குத்தான் விளையாடலாம். உவன் தாழங்காட்டுக் கொலிச்சின்ரை படலையையும் கண்டிருக்க மாட்டான்!"

"ஆறாம் வகுப்பு எங்களிட்டைத்தான் படிச்சவன்" என்றார் மரியரட்ணம், மேலே போன விமானத்தைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப தாழங்காட்டுக் கீதத்தைப் பாடச் சொல்லுங்கோ! படிச்சவனெண்டால் பாடுவான். பாடாட்டில் வெட்டுங்கோ. இந்த வருசம் ஒரு பக்கத்துக்கும் விளையாடக் கூடாது!"

நிரூபனின் முகம் விழுந்துவிட்டது. கிழமை முழுக்க பக்டரியில் பெட்டி தூக்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பந்து ஒன்றுதான் சந்தோசம். அது சண்முகலிங்கத்துக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

நிரூபன் கையை நெஞ்சில் வைத்தான். கண்ணை மூடினான். பாடினான்.

பல்லவி, சரணங்கள், கல்லூரியைக் கட்டியவரின் புகழ், கடைசியில் வரும் 'வாழிய வாழிய' எல்லாம் பாடினான். தாழங்காட்டு அணியே வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"எங்கடை கீதத்திலை இவ்வளவு கிடக்கோ?" என்று அவர்களுடைய கோல்கீப்பர் பக்கத்தில் நின்றவனைக் கேட்டான். மரியரட்ணம் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"சரி, விளையாட்டைத் தொடங்குவம்" என்று அலெக்ஸாண்டர் விசிலை வாயில் வைத்தார்.

"பொறுங்கோ" என்றார் மரியரட்ணம். "சட்டமெண்டால் ரெண்டு பக்கத்துக்கும்தான். இனிப் புளியந்துறை பாடட்டும். பெடியளை விடுங்கோ, தலைவர் ஒராள் பாடினால் காணும். பாடாட்டில் முழு ரீமும் வெளியாலை."

"அது நியாயம். பாடுங்கோ லிங்கண்ணை" என்றார் அலெக்ஸாண்டர்.

சண்முகலிங்கத்துக்கு வேர்த்தது. அவர் புளியந்துறையில் படித்தவர்தான், அதில் பொய்யில்லை. ஆனால் படித்த கொஞ்சக் காலமும் காலைக் கூட்டம் முடிந்த பிறகே பள்ளிக்கூடத்துக்குள் போனவர். கீதம் பாடும்போது அவர் எப்போதும் ஒழுங்கை மூலையில்தான் வந்துகொண்டிருப்பார். முதல் அடியைப் பிள்ளைகள் உரத்துப் பாடுவார்கள், அது கேட்கும். மிச்சம் அவருடைய காதுக்கு எட்டியதே இல்லை. சங்கத்து விருந்துகளில் மைக்கை இடுப்போடு பிடித்துக்கொண்டு சமாளித்துவிடுவார். இங்கே மைக்கும் இல்லை.

உதவிக்குத் தன் அணியைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தார்கள்.

தொண்டையைச் செருமினார்.

"வாழிய புளியந்துறை வளர் கலைக்கூடம்..."

அதோடு நின்றது. அலெக்ஸாண்டர் காதைக் கிட்டக் கொண்டுவந்தார். மரியரட்ணம் சிரிக்கத் தயாரானார். போன வருசக் கோப்பை வீட்டு ரீவிக்கு மேல் இருந்து தன்னைப் பார்ப்பதுபோல இருந்தது சண்முகலிங்கத்துக்கு.

அப்போது அவருடைய அகலமான முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் வந்து சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தான். பச்சைச் சட்டை.

"பயப்பிடாதீங்க அங்கிள், வாயை மட்டும் அசையுங்க, நான் பாடுறன்" என்றது நிரூபனின் குரல். "போன வருசம் என்னைப் புளியந்துறைப் பெடியன் ஆக்கிறதுக்கு நீங்க தந்த கீதக் கசெட், எனக்கு இன்னும் பாடமா இரிக்கு."